சராசரி ஐந்து

"நாலு பேர்தான் இருக்கீங்க," என்றார் பேருந்து ஓட்டுநர் ஓகிதா, கையிலிருந்த எண்ணும் கருவியை நான்கு முறை அழுத்திவிட்டு.

ஹிராய்வா ஜன்னல் வழியே பார்த்தார். நிறுத்தத்தில் பனியைத் தவிர யாரும் இல்லை.

"ஒரு நிமிஷம் அண்ணே. தோமே அக்கா பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருக்காங்க."

"நேத்தும் அதேதான் மாட்டிக்கிட்டு இருந்தாங்க."

ஹிராய்வா அந்த ஏழு வீட்டு மலைக்கிராமத்தின் தலைவர். அவர் மனைவி சுமியோவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கண் மங்கியதால் ஹிராய்வா ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேருந்து நின்றுபோனால் ஊரை விட வேண்டியதுதான்.

போன வாரம்தான் வீடு வீடாகச் சுற்றிவரும் நகராட்சியின் சுற்றறிக்கைப் பலகை வந்தது. 'இரண்டு வாரக் கணக்கெடுப்பில் நடைக்குச் சராசரி ஐந்து பயணிகள் இல்லையென்றால் பேருந்துக்கான அரசு உதவி நிறுத்தப்படும்.' முதல் தாளோடு அவர் நிறுத்திவிட்டார். பின்னால் இன்னும் தாள்கள் இருந்தன. அவை எப்போதும் இருக்கும்: குப்பை பிரிக்கும் நாள், கரடி எச்சரிக்கை. படித்ததற்கான முத்திரையைக் குத்தி, பலகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, வீடு வீடாக ஆள் சேர்க்க ஓடினார்.

கடைசி வீட்டு நிஷிவாகி மட்டும் மசியவில்லை. "பலகை என் வீட்டுக்கு வரட்டும் தலைவரே. படிச்சுட்டு ஏறுறேன்."

"உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள பனியே உருகிடும்யா!"

மற்றவர்கள் ஏறினார்கள். வேலையே இல்லாமல் நகரம் போய், வேலையே இல்லாமல் திரும்பினார்கள். மூன்றாம் நாள் இருவருக்குக் காய்ச்சல். தோமே அக்காவுக்கு இடுப்புப் பிடிப்பு.

ஹிராய்வா அடுத்த கிராமத்துத் தலைவரிடம் போய்க் கையைப் பிசைந்தார்.

"ஆள் தர்றேன்," என்றார் அவர். "ஆனா எங்க பஸ்ஸுக்கும் கணக்கெடுப்பு நடக்குது. பதிலுக்கு நீங்க வந்து ஏறணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

அதனால் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பேருந்து வேண்டும் என்று பாடுபட்டவர், மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தில் வேறொரு பேருந்தில் உட்கார்ந்திருந்தார்.

சுமியோ தனியாக, வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்கும் பனிச்சரிவில் பன்னிரண்டு நிமிடம் இறங்கினாள். பதினொன்றாவது நிமிடத்தில் வழுக்கி விழுந்தாள். ஓகிதாதான் இறங்கிவந்து தூக்கி ஏற்றினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஹிராய்வா அவள் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க, அப்படி நிக்காதீங்க," என்றாள் சுமியோ. "நான் ஏறினதை எண்ணினாரான்னு கேட்டுட்டேன். எண்ணிட்டாராம்."

"இன்னும் ஆறு நாள்தான்."

"எனக்குச் சரிவுதான் பயமா இருக்கு. பஸ் இருந்தாலும் சரிவு இருக்கும்ல?"

ஹிராய்வா காலண்டரில் அன்றைய நாளை அடித்தார்.

ஆறு நாளும் முடிந்தன. நகராட்சியிலிருந்து தொலைபேசி வந்தது. "வாழ்த்துகள்! சராசரி ஐந்து புள்ளி ஒன்று. உங்க வழித்தடத்துக்கு இனி அஞ்சு வருஷத்துக்கு எந்த மாற்றமும் கிடையாது."

ஹிராய்வாவின் கண் நிறைந்தது. ஊரே வீட்டில் கூடியது. தோமே அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டே சாகே மது ஊற்றினாள். சுமியோ ஒற்றைக் கையால் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நிஷிவாகி வந்தார். கையில் பலகை. அதில் ஆறு முத்திரைகள் வரிசையாகச் சிவந்திருந்தன.

"இன்னிக்குத்தான் எனக்கு வந்துச்சு தலைவரே. ரெண்டாவது தாளைப் பார்த்தீங்களா? சராசரி அஞ்சுக்குக் கீழே போயிருந்தா, ஆஸ்பத்திரி போறவங்களுக்கு வீட்டு வாசலுக்கே அரசாங்கக் கார் அனுப்புவாங்களாமே!"