கொல்லி செல்லும் வேடசந்தூர் பஸ்ஸும்

பதில் தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லிவிட வேண்டும். நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்கு இதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

வேடசந்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நாகல் நகரில் எங்கள் வீட்டுக் கூடம். காபியைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போயிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா, "என்னம்மா படிச்சிருக்க?" என்று கேட்டுவிட்டார். (போதாதா?)

"நம்ம ரத்தத்துல இயற்கைக் கொல்லி செல்லுன்னு ஒண்ணு இருக்கு அத்த. போலீசு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். நல்ல செல்லெல்லாம் 'நான் இந்த உடம்பு ஆளு'ன்னு மேல ஒரு அடையாளம் காட்டும். வைரஸ் புகுந்த செல்லு, புத்துநோய் செல்லு பலதும் அத மறைச்சிரும். அடையாளம் இல்லையா, ஓட்டை போட்டுக் கொன்னுரும்."

என் அம்மா கண்ணைக் காட்டினாள். மாப்பிள்ளை மிக்சரை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவருடைய அம்மா மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அப்ப வயித்துப் பிள்ளை பாதி அப்பன் சாடைல்ல? அத ஏன் கொல்லாம விடுது?"

வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. "செத்த நேரம் இருங்க அத்த" என்று உள்ளே ஓடிப் புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு பக்கம் அடுத்த பக்கத்துக்கு இழுத்தது. பதிலோடு வெளியே வந்தபோது கூடத்தில் காலி டம்ளர்கள்தான் இருந்தன.

"பொண்ணுக்குப் பிடிக்கலைன்னு எந்திரிச்சுப் போய்ட்டாகடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பட்டுச்சேலையோடு ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். வேடசந்தூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கையை நீட்டி மறித்துப் படியேறி, மூச்சிரைக்கக் கத்தினேன்.

"அத்த! வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது! நஞ்சுக்கொடி செல்லு வேற அடையாளம் காட்டி அடக்கி வச்சிரும்! கருப்பையில இருக்க கொல்லி செல்லு பிள்ளைக்கு ரத்தம் போற வழியக்கூட அகலமாக்கிக் குடுக்கும்!"

பஸ் மொத்தமும் முதலில் என் வயிற்றைப் பார்த்தது. பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தது. கண்டக்டர் அவரிடம் குனிந்து, "ஏப்பா, எத்தன மாசம்?" என்றார்.

மாப்பிள்ளை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய அம்மா மட்டும் பக்கத்து சீட்டைத் தட்டினார். "இப்டி உக்காரு. அதெப்படி அடங்குது? வெவரமாச் சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் வேடசந்தூர் வந்துவிட்டது.

கல்யாணமாகிப் பத்து வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் இன்றும் சொல்வார்: "ஊரு உலகத்துல பொண்ணப் பாத்துட்டுப் போயித் தகவல் சொல்லுவாக. எங்களுக்குப் பொண்ணே பஸ் ஏறி வந்துருச்சு."