பதினோராவது பொருத்தம்

பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்தி, பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்த்து, மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கு யார் வீட்டுச் சமையல்காரர் என்பது வரை பேசி முடித்த பிறகு, தரகர் கைலாசம் வாடிய முகத்தோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளைப் பையன் பேச மாட்டேங்கான்."

"யாருகிட்ட?" என்றார் பெண்ணின் அப்பா ஆவுடைநாயகம்.

"யாருகிட்டயும்தான். முந்தாநாள் நம்ம ப்ரியாகிட்ட போன்ல பேசிருக்கான். வெண்கலக்கடை பிடிக்குமான்னு கேட்டிருக்கான்."

"வெண்கலம் எதுக்குவே? சீருக்கு எல்லாம் எவர்சில்வர்தான்னு பேசியாச்சுல்லா?"

"பாத்திரக் கடை இல்ல அண்ணாச்சி. அது ஒரு பாட்டுக் கோஷ்டி. மெட்ராஸ்ல தாடி வச்ச பயலுக அஞ்சு பேரு சேந்து பாடுதானுவ. பெங்களூர்ல பையன் ஆபீஸ்ல அவனுகளச் சாமி மாதிரி கும்பிடுதாங்களாம். நம்ம பாப்பா என்ன சொன்னா தெரியுமா? 'சும்மா ஊதிப் பெருக்குனது, ஓவர்ரேட்டட்'னுட்டா. போனை வச்சவன்தான். ரெண்டு நாளா வாயைத் திறக்கலைன்னு அவங்க அப்பா புலம்புதாரு."

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கும் ஆவுடைநாயகத்துக்கு, ஒரு கோப்பு நின்று போனால் எந்த மேசையில் நின்றது என்று கண்டுபிடிக்கத் தெரியும். ஒரு கல்யாணம் பாட்டில் நின்று போனால் எந்த மேசைக்குப் போவது?

சும்மா ஒரு வரன் என்றால் விட்டுவிடலாம். இதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் ப்ரியா முதல் காப்பியையே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். இந்தச் சிவகணேஷ் வந்தபோது மட்டும், யாரும் கேட்காமலே இரண்டாவது காப்பி கொண்டுவந்தாள். அதைப் பார்த்த அன்றைக்கே ஆவுடைநாயகம் பத்தமடைக்கு ஓடிப்போய், இரண்டு பேர் பெயரும் போட்டுக் கல்யாணப் பாய்க்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பாயும் வந்து அலமாரி மேல் ஏறிவிட்டது. 'ப்ரியா - சிவகணேஷ்' என்று கோரையில் நெய்ததை அழித்து எழுத முடியுமா? இனிமேல் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பார்ப்பதானாலும் சிவகணேஷ் என்ற பெயரில்தான் பார்க்க வேண்டும்.

மகளிடம் பேசிப் பார்த்தார்.

"யம்மா, கொஞ்சம் பிடிக்கும்னு சொன்னா என்ன குறைஞ்சா போவும்?"

"அப்பா, பிடிக்காததைப் பிடிக்கும்னு சொல்லிக் கல்யாணம் பண்ணிக்கிட்டா, காலம் முச்சூடும் அதைக் கேக்கணும். தாமிரபரணியைப் பத்தி எட்டு நிமிஷம் பாடுதாங்க. பாடுறவங்க ஆத்துல காலை நனைச்சிருக்கவே மாட்டாங்க. நல்லால்லைன்னா நல்லால்லைதான்."

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். சொன்னதை மாற்ற மாட்டாள். ஆனால் பேசி முடித்ததும் போனை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்துப் பார்த்தாள். பெற்றவருக்கு அது பொறுக்கவில்லை.

கைலாசம் ஒரு வழி சொன்னார்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே ரெண்டு பேரும் ஏதோ பாட்டு ஆப்புல சேந்துக்கிட்டாங்களாம் அண்ணாச்சி. இவ என்ன பாட்டு கேக்காளோ அது அங்கன அவன் போன்ல தெரியுமாம். இவ வெண்கலக்கடையைக் கேக்கான்னு தெரிஞ்சா பையன் மனசு இளகிரும்."

ஆவுடைநாயகம் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பெண் பார்த்த பிறகு ப்ரியா புதுப் போன் வாங்கியபோது பழையதை அப்பாவுக்குக் கொடுத்திருந்தாள். அதில் அந்த ஆப் இன்னும் அவள் பெயரிலேயே இருந்தது. புதுப் போனில் அவள் அதைப் போடவே இல்லை. முருகன் எதற்குத்தான் வழி வைக்காமல் இருக்கிறான்!

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசை சுந்தர் போனை வாங்கித் தட்டிக் கொடுத்தான்.

"சத்தத்தை முழுசா அடைச்சுட்டு ஓட விட்டா?" என்று ஆசையோடு கேட்டார்.

"அப்படிச் செஞ்சா கணக்குல சேராதும்பாங்க சார். கொஞ்சமாவது சத்தம் வேணும்."

முதல் பாட்டே அந்த ஆற்றுப் பாட்டுதான். ஏழு நிமிஷம் ஒருவர் 'ஓ' என்கிறார். பல்வலியா பக்தியா என்று பிடிபடவில்லை. எட்டாவது நிமிஷத்தில் மற்ற நாலு பேரும் சேர்ந்து 'ஏ ஆறே' என்று கூப்பிடுகிறார்கள். ஆறு என்ன ஏது என்று கேட்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி என்று நம் பெரியவர்கள் சொன்னது, இந்தக் கோஷ்டியை நினைத்துத்தான் இருக்கும்.

மனுக் கொடுக்க வந்த ஓர் அம்மாள், "உள்ள யாருக்கோ வயித்துவலி போலுக்கு, நாளைக்கு வாரேன்" என்று திரும்பிப் போனாள். பிற்பகலில் மேலதிகாரி வந்து நின்றார்.

"என்னய்யா சத்தம் இது?"

"வெண்கலக்கடை சார். படிச்சவங்க எல்லாம் இதைத்தான் கேக்காங்களாம்."

அதிகாரியின் முகம் ஒரு கணம் கோணிப் போய், உடனே நிமிர்ந்தது.

"ஓ, வெண்கலக்கடையா! எனக்குத் தெரியாதா? பிரமாதமா இருக்குமே. மெட்ராஸ்ல என் மச்சினன் பையன் உயிரையே விடுவான்."

சொல்லிவிட்டுத் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது: அலுவலக மின்சாரத்தில் சொந்தக் கைபேசிகளுக்கு யாரும் சார்ஜ் ஏற்றக் கூடாது. பாட்டு நன்றாயில்லை என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. மின்சாரச் சிக்கனம்தான் கை கொடுத்தது.

வேறு வழியில்லாமல் ஆவுடைநாயகம் போனை வீட்டுக்குக் கொண்டுபோய், பின்கட்டில் கிணற்றோரம் இருந்த மோட்டார் அறையில் சார்ஜில் போட்டு, பாட்டை ஓடவிட்டு, கதவைச் சாத்தினார். அங்கே யார் போகப் போகிறார்கள்?

யாரும் போகவில்லை. காதுதான் போனது. மனைவி கோமு துணி துவைக்கப் போனவள், மோட்டார் 'ஓ' என்று முனகுவதைக் கேட்டுவிட்டு மெக்கானிக் கனியைக் கூப்பிட்டுவிட்டாள். ஆவுடைநாயகம் அலுவலகத்திலிருந்து வந்தபோது மோட்டார் பல துண்டாகக் கழன்று சாக்கின் மேல் கிடந்தது. பாய்ந்து போய்ப் போனை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"அண்ணாச்சி, சத்தம் இப்ப உங்க பையில இருந்துல்லா வருது!" என்றான் கனி.

"ஏலே, பைய பேசு. இது ஒரு கல்யாண விஷயம். வெளிய மூச்சு விட்டேன்னா பாத்துக்கோ."

கனி மூச்சு விடவில்லை. ஆனால் கழற்றிய மோட்டார் மறுபடி சேர்ந்து ஓடுவது, முறிந்த சம்பந்தம் ஒட்டுவது மாதிரி. ஒரு நாள் ஓடியது, மறுநாள் நின்றது. கோமு குடத்தோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். நடந்தபோதெல்லாம் புருஷனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தாள்.

இவ்வளவுக்கும் பலன் என்ன என்றால், கைலாசம் முன்னைவிட வாடிப்போய் வந்தார்.

"அண்ணாச்சி, காரியம் கெட்டுது. பையன் ரொம்பக் குழம்பிப்போய்க் கிடக்கான். 'அந்தப் பொண்ணு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே பாட்டைக் கேக்காளே, காலேஜுக்குப் போறாளா இல்லையா, மனசுக்கு எதுவும் சுகமில்லையா'ன்னு அவங்க அப்பா என்கிட்ட கேக்காரு."

"அப்ப என்ன செய்யச் சொல்லுதீரு?"

"மனுஷி கேக்கற மாதிரி இருக்கணும் அண்ணாச்சி. பாட்டை மாத்தி மாத்திப் போடணும். சாப்பிடுத நேரத்துக்கு நிறுத்தணும்."

மாற்றிப் போடுவதென்றால் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். ஆவுடைநாயகம் உட்கார்ந்தார். அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே மோட்டார் அறைக்குப் போனார். கேட்டால், "கனி பாத்த வேலைல்லா, பக்கத்துல இருந்து கவனிக்கணும்" என்றார். தொட்டி நிறைந்து வழிந்து கோமு கத்திய பிறகும் சில நாள் அவர் வெளியே வரவில்லை. பெண்ணைப் பெற்றவன் பாடு அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வந்து இறங்கினான். கூட அவன் அப்பா சிவசைலம். பின்னால், அடிக்கு ஒதுங்குகிறவர் மாதிரி கைலாசம். பின்கட்டில் கனி அன்றைக்கும் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

சிவகணேஷ் காப்பியைத் தொடவில்லை. ப்ரியாவை நேராகப் பார்த்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் பெங்களூர்ல இருந்து வந்தேன். அன்னைக்கு ஏன் என்கிட்ட பொய் சொன்னீங்க?"

"நானா? என்ன பொய்?"

"எங்க ஆபீஸ்ல வெண்கலக்கடை பிடிக்கலைன்னா மனுஷனாவே மதிக்க மாட்டாங்க. நானும் ஊரோட ஒத்துத் தலையை ஆட்டி ஆட்டி எனக்குக் கழுத்து வலியே வந்துட்டு. ஓவர்ரேட்டட்னு பட்டுனு சொன்ன முதல் ஆள் நீங்கதான். எனக்குப் பேச்சே வரல. இப்படி ஒரு பொண்ணு நமக்குக் கிடைக்குமான்னு ரெண்டு நாளா சாப்பாடுகூட இறங்கல. கூப்பிட்டுச் சொல்லலாம்னு போனை எடுத்தா, நீங்க அந்த ஆத்துப் பாட்டைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க! அன்னைக்கு மட்டுமா? நேத்து வரைக்கும்!"

பையன் வாயடைத்துப் போனது கோபத்தில் இல்லையாம், ஆசையிலாம். ஆவுடைநாயகம் கைலாசத்தைத் திரும்பிப் பார்த்தார். கைலாசம் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுப் போன் வாங்கினதுல இருந்து நான் அந்த ஆப்பைத் தொடவே இல்ல," என்றாள் ப்ரியா. "நம்பலைன்னா போங்க. நான் பிடிச்சு நிறுத்தல."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் ஆவுடைநாயகம் எழுந்தார்.

"தம்பி, அவ மேல தப்பில்ல. கேட்டது அவ இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். பழைய போன், சுந்தர், சுற்றறிக்கை, மோட்டார் அறை. கனியின் வாயைக் கட்டியது வரை ஒன்றையும் விடவில்லை.

"என் பொண்ணு உங்களுக்கு ரெண்டாவது காப்பி கொண்டுவந்தா. அதுக்காகத்தான் தம்பி இந்தக் காதைப் பலி கொடுத்தேன். தெனமும் சாயங்காலம், கொசுக்கடியில, அந்தக் கூச்சலை ஒத்தையில உக்காந்து சகிச்சேன். நரகம்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

ப்ரியா, "எனக்காகவா அப்பா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிவசைலம் எழுந்து வந்து ஆவுடைநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு சம்பந்தி எனக்குக் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்வே!"

சிவகணேஷ் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். "இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டான். ப்ரியா சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். பத்தாவது பொருத்தமும் அப்போதே பொருந்திவிட்டது என்று கைலாசம் அறிவித்தார். எந்த ஜோசியரைக் கேட்டு அறிவித்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லோருமாகச் சேர்ந்து வெண்கலக்கடையைப் பிரித்து மேய்ந்தார்கள். சிவசைலம் 'ஓ' என்று பாடிக் காட்டினார். கோமு, தான் கனியைக் கூப்பிட்ட கதையைச் சொன்னாள். எல்லோரையும்விட ஆவுடைநாயகம்தான் உரக்கச் சிரித்தார்.

"அதெல்லாம் ஒரு பாட்டாவே? மூணாவது பாட்டுல நடுவுல ஒரு உறுமி மேளம் வரும், அது மட்டும் கொஞ்சம் தேவலை. பொறவு அஞ்சாவதுல அந்தப் புல்லாங்குழல்... சரி, அது கிடக்கட்டும். மத்ததெல்லாம் சுத்தக் குப்பை."

ப்ரியா காப்பித் தம்ளரோடு நின்று அப்பாவை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஏங்க, கல்யாணப் பாயை எடுத்துச் சம்பந்திக்குக் காட்டலாம்னு பாத்தா, அலமாரி மேல காணலையே?" என்று உள்ளேயிருந்து கோமு கேட்டாள்.

"அங்கனதான் எங்கயாவது இருக்கும். நல்லாப் பாரு," என்று ஆவுடைநாயகம் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்.

அப்போது பின்கட்டு வாசலில், கையெல்லாம் கிரீஸோடு கனி வந்து நின்றான்.

"அண்ணாச்சி, மோட்டாரு ஓடுது, ஆனா ரூமுக்குள்ள தண்ணி கசியுது. தெனமும் பாட்டைப் போட்டுட்டு, கண்ணை மூடித் தொடையில தாளம் தட்டிக்கிட்டே படுத்துக் கிடப்பீகளே, அந்தக் கல்யாணப் பாயைச் சுருட்டி வைக்கட்டுமா? மாப்பிள்ளை பேரு நனைஞ்சிரப் போவுது."