சிஞ்ஞோராவுக்குத் துவக்கு வாங்கப் போன கதை

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆண்பிள்ளை எவனுக்கும் துவக்குப் பிடித்துச் சுடத் தெரியும் என்று உலகம் நம்புகிறது. நாங்களும் அதை ஓடிப்போய் மறுப்பதில்லை. உண்மையில் எங்களில் பெரும்பாலானோர் சண்டை நடந்த வருடங்களில் பழகியது ஓடுவதற்குத்தான். நான் அதிலும் ஒருபடி கீழே. பக்கத்து வீட்டில் சீனவெடி கொளுத்தினால் என் கையிலிருக்கும் தேத்தண்ணீர் சாரத்தில் ஊற்றுப்பட்டுவிடும். (அம்மா அதற்காகவே எனக்கு அரைக் கோப்பைதான் தருவா.)

இப்படிப்பட்ட நான் பலேர்மோ நகரத்தில் கொஞ்சக் காலம் ஆயுத நிபுணராக உத்தியோகம் பார்த்திருக்கிறேன். இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பு அந்த உத்தியோகம் எனக்குத் தந்த ஓய்வூதியம்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. கோடை முழுவதும் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கோடை முடிந்ததும் கடற்கரை காலியானது, என் வேலையும் காலியானது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. முந்தின வருடம்தான் ஊருக்குப் போய் வத்சலாவைக் கலியாணம் முடித்திருந்தேன். அவள் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் சூட்கேசை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளைக் கூப்பிடுவதென்றால் என் கையில் கொன்ட்ராத்தோ, அதாவது முதலாளி கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம், இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் என்னுடைய பெர்மெஸ்ஸோவே ஆட்டம் கண்டுவிடும். இருக்க அனுமதி இல்லாதவன் மனைவியை எங்கே கூப்பிடுவது?

அப்போதுதான் அத்தான் ஒரு வேலையோடு வந்தார். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பலேர்மோவில் பல வருடங்களாக வீடுகள் துடைத்து, இத்தாலியர்களைப் போலவே வாயைவிடக் கையால் அதிகம் கதைக்கப் பழகியவர். ஒரு விஷயத்தை அவர் உள்ளபடி சொல்லி அக்காவே கேட்டதில்லை.

வேலை ஒரு நகைக்கடைக்காரரின் விதவையிடம். எழுபது வயதைத் தாண்டியும் கடையைத் தானே நடத்திக்கொண்டிருந்த சிஞ்ஞோரா, அதாவது அம்மணி. வுச்சீரியாச் சந்தையில் ஒருநாள் ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் அவருடைய கைப்பையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். சிஞ்ஞோரா விடவில்லை. மீன்கடைகளின் நடுவே தேர் போல இழுபட்டுப் போயிருக்கிறார். பை தப்பியது, இடுப்பு தப்பவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து எழும்பி வந்ததும் இரண்டு முடிவுகள் எடுத்தார். ஒன்று, பக்கத்தில் நடக்க ஓர் ஆம்பிளை வேண்டும். மற்றது, கோட்டுப் பையில் வைத்துக்கொள்ள ஒரு துவக்கு வேண்டும்.

துவக்கு வைத்திருக்க நகைக்கடைக்காரி என்ற முறையில் அவரிடம் அனுமதி இருந்தது. வீட்டில் செத்துப்போன கணவருடைய பிஸ்டலும் இருந்தது. ஆனால் அது அம்மிக்குழவிப் பாரம். அதைக் கோட்டில் போட்டால் ஒரு தோள் இறங்கி, மற்றத் தோள் காதைத் தொடும்.

சிஞ்ஞோரா பேசியதெல்லாம் இத்தாலியன்தான். ஆனால் என் காதுக்குள் விழும்போது எப்படியோ அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். அப்படியே எழுதுகிறேன்.

"இவனுக்கு என்ன தெரியும்?" என்று அவர் அத்தானிடம் கேட்டார்.

"சிஞ்ஞோரா, இவன் சண்டை நடந்த இடத்திலையிருந்து வந்தவன். துவக்கெண்டால் இவனுக்குக் கரண்டி மாதிரி."

மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். அத்தான் மேசைக்குக் கீழே என் காலை ஏறி மிதித்தார். அந்த வேதனையில் என் முகம் இறுகிப் போனதைச் சிஞ்ஞோரா சிறிது நேரம் பார்த்தார். அதை வீரம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மாதம் பார்ப்போம், திருப்தியென்றால் கொன்ட்ராத்தோவில் கையெழுத்து வைக்கிறேன் என்றார்.

படியிறங்கும்போது அத்தானைப் பிடித்தேன்.

"ஏன் அத்தான் பொய் சொன்னனீங்கள்?"

"பொய்யோ? நீ சண்டை நடந்த இடத்திலையிருந்து வரேல்லையோ?"

"வந்தனான்தான்..."

"பிறகென்ன? மிச்சத்தை அவவெல்லோ நினைச்சவ."

அன்று தொலைபேசி அட்டையைச் சுரண்டி வத்சலாவுக்கு எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ன வேலையாம்?"

"ஒரு வயசு போன மனிசியோடை நடக்கிற வேலை."

"நடக்கிறதுக்கும் சம்பளமோ?"

"ஓம்."

"அப்ப வடிவா நடவுங்கோ. எனக்கு இஞ்சை இந்தச் சுவரைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

துவக்கைப் பற்றி அவளுக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 

முதல் கிழமை நன்றாகத்தான் நடந்தேன். இரண்டாவது கிழமை சிஞ்ஞோரா என்னைத் துவக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடியோடு ஒரு முதலாளி. சிஞ்ஞோராவின் அனுமதிப் பத்திரத்தை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பச்சைத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் மூன்று சின்ன ரிவோல்வர்களை வைத்தார். மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்கள்.

"இவன் பாப்பான்," என்றார் சிஞ்ஞோரா. "சண்டை கண்டவன்."

முதலாளி மரியாதையாக ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

வாழ்க்கையில் நான் தெரிந்தெடுத்து வாங்கிய பொருட்கள் இரண்டுதான்: மீனும் வெண்டிக்காயும். வெண்டிக்காயை முறித்துப் பார்க்கலாம். இதை முறிக்க முடியாது. ஆகவே முதலாவதைத் தூக்கினேன், திருப்பினேன், பிறகு என் கை தன்பாட்டில் அதை மூக்குக்குக் கொண்டுபோனது. ஒரு கோடை முழுக்க மீனோடு நின்ற பழக்கம். நன்றாக இழுத்து மணந்தும் பார்த்துவிட்டேன். (செவுளைத் தேடவில்லை, அந்தளவுக்குப் புத்தி இருந்தது.) முதலாளியின் புருவம் உயர்ந்தது. எண்ணெய் போட்டிருக்கிற விதத்தைப் பார்க்கிறான் என்று சிஞ்ஞோராவிடம் மெல்லச் சொன்னார். நான் ஆமோதித்துத் தலையை ஆட்டினேன்.

மூன்றாவதைத் தூக்கியபோது கையில் ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. அவ்வளவு இலேசு. அந்தக் காலத்தில் கைத்தொலைபேசிகள் மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டிருந்தன. எவ்வளவு மெலிவோ அவ்வளவு விலை, அவ்வளவு மரியாதை. துவக்கும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன்.

"இதுதான்," என்றேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாய் யோசியுங்கோ. இது பையிலை இருக்கிறது தெரியாது. சுடேக்கைதான் தெரியும். பாரமில்லாத துவக்கு கையைக் கடிக்கும்."

நான் மூக்கால் சிரித்தேன். "எங்கடை நாட்டிலை இதைவிடக் கடிச்சதெல்லாம் பாத்திட்டம்." (நுளம்பைத்தான் சொன்னேன், கடவுள் சாட்சி.)

சிஞ்ஞோரா அதையே வாங்கினார். 

கடையோடு விஷயம் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தபோது, சனிக்கிழமை சுட்டுப் பழகப் போகிறோம் என்றார். எனக்கு அனுமதி இருக்காதே என்று ஆசையோடு நினைவூட்டினேன். அதற்கு முந்தின கிழமை தன்னுடைய குடும்ப வைத்தியரிடம் என்னை அனுப்பியிருந்தார். என்மேல் அக்கறை என்று நினைத்து அக்காவிடமும் புளுகியிருந்தேன். அது சுடும் கழகத்தில் என்னைச் சேர்ப்பதற்கான வைத்திய சான்றிதழாம். என் கண்ணும் காதும் நெஞ்சும் துவக்குச் சுட மிகவும் உகந்தவை என்று அந்த மனிதர் எழுதிக் கொடுத்திருந்தார்.

பிரான்காச்சோ தாண்டி ஊருக்கு வெளியே இருந்தது அந்த இடம். சிஞ்ஞோராதான் காரை ஓட்டினார். அந்தப் பயணத்துக்குப் பிறகு துவக்கு அவ்வளவு ஆபத்தான பொருளாகத் தெரியவில்லை. ரோமம் வைத்த கழுத்துப்பட்டிக் கோட்டு, புதிதாகச் சுருட்டிய தலைமயிர், சிவப்பு உதட்டுச்சாயம் என்று ஒரு கலியாண வீட்டுக்குப் போவதுபோல வந்திருந்தார்.

பயிற்சி தருபவர் ஓய்வுபெற்ற மரெஷியல்லோ, அதாவது பழைய பொலிஸ்காரர். மீசை நரைத்திருந்தாலும் முறுக்கு நரைக்கவில்லை. எந்தெந்த ஆயுதங்கள் பழக்கம் என்று கேட்டார். பழக்கம் என்றால் பார்த்து ஓடியது என்று வைத்துக்கொண்டு, "எல்லாம்," என்றேன்.

"அப்ப முதலிலை நீ சுட்டுக் காட்டு," என்றார் சிஞ்ஞோரா. "நான் பாத்துப் பழகிறன்."

காதுக்குக் கவசம் மாட்டினார்கள். தூரத்தில் கடதாசியில் கறுப்பாக ஒரு மனிதன் நின்றான். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடி, முழங்கையை மடக்காதே என்று மரெஷியல்லோ சொன்னார். எல்லாம் தெரிந்தவனுக்கு எதற்குப் புத்திமதி? ஒற்றைக் கையால் தூக்கி, முழங்கையை மடக்கி, முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து குறி பார்த்தேன். வத்சலாவை நினைத்தேன். கண்ணை மூடினேன். அழுத்தினேன்.

குண்டு எங்கே போனதென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கடதாசி மனிதனுக்குச் சின்னக் கீறல்கூட இல்லை. துவக்கு மட்டும் வேறு பக்கம் புறப்பட்டு, நேரே வந்து என் நெற்றியில் அடித்துவிட்டு மேசையில் விழுந்தது. மரெஷியல்லோ பாய்ந்து அதன்மேல் கையை வைத்தார். என் கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது.

"கொஞ்சம் இலேசு கூடிப்போச்சு," என்றேன், நிபுணர் குரலில்.

மரெஷியல்லோ துவக்கிலிருந்த மிச்சக் குண்டுகளை எடுத்துவிட்டு, என் காதுக் கவசத்தைக் கழற்றி நெற்றிக்கு மருந்து கட்ட ஆரம்பித்தார். என்னைப் பார்ப்பதற்கு வசதியாகச் சிஞ்ஞோராவும் தன்னுடையதைக் கழற்றினார். அவ்வளவும் போதாதென்று அடுத்த தட்டிக்கு அப்பால் நின்ற ஒரு தடித்த மனிதர், எங்கள் விஷயம் ஒன்றும் அறியாமல், தன்னுடைய பெரிய பிஸ்டலால் ஒரு வெடி வைத்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு முன்னரே படிப்பித்த பாடம் ஒன்று உண்டு. சத்தம் கேட்டால் குப்புறப் படு, காதுக்குள் விரலை விடு, செவிப்பறை கிழியாமல் வாயைத் திற. கணக்கு முழுவதும் மறந்துவிட்டது. அந்தப் பாடம் மறக்கவில்லை. எனக்குப் புத்தி வந்தபோது சீமெந்துத் தரையில் கிடந்தேன். தனியாகக் கிடக்கவில்லை. என் வலது கை சிஞ்ஞோராவை, அந்தக் கோட்டோடும் தலைமயிரோடும் சத்திரசிகிச்சை செய்த இடுப்போடும், இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டிருந்தது.

மரெஷியல்லோ கத்தினார். யார் யாரோ ஓடி வந்தார்கள். எனக்கு எழும்பத் துணிவில்லை. அந்த இடுப்பு இன்னொரு முறை உடைந்திருந்தால் கொன்ட்ராத்தோ இல்லை, பெர்மெஸ்ஸோ இல்லை, வத்சலாவுக்கு அந்த லொட்ஜ் சுவரைத் தவிர வேறு கதியில்லை. உண்மையாகவே அழுகை வந்தது. அழுதுகொண்டே தலையைத் திருப்பிச் சிஞ்ஞோராவைப் பார்த்தேன்.

அவர் குப்புறப் படுத்திருந்தார். இரண்டு காதுக்குள்ளும் விரல். சிவப்புச் சாயம் பூசிய வாய் ஆவென்று திறந்திருந்தது.

திரும்பி வரும்போது அவர் வழக்கத்துக்கு மாறாக மெதுவாக ஓட்டினார். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கோட்டுத்தான் நாசம். நடுத்தெருவில் காரை நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் ஹோன் அடித்து எங்கள் இரண்டு பேரின் தாய்மாரையும் விசாரித்தார்கள்.

"நீ துவக்குச் சுட்டதே இல்லை, என்ன?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"கடையிலையே எனக்குச் சந்தேகம். ஆராவது ரிவோல்வரை மணந்து பாப்பினமோ?"

நான் கட்டுத் துணியைத் தடவிக்கொண்டு இருந்தேன். வேலை போய்விட்டது என்று வத்சலாவிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன்.

"நான் சின்னப்பிள்ளையாய் இருக்கேக்கை இஞ்சை துறைமுகத்திலை பிளேன் வந்து குண்டு போடும்," என்றார் சிஞ்ஞோரா. "அம்மா என்னை இப்பிடித்தான் இழுத்துக்கொண்டு விழுவா. அவவுக்குப் பிறகு ஒருத்தரும் என்னை இழுத்து விழுத்தேல்லை. என்ரை மனுசன்கூட முதலிலை தன்ரை பிஸ்டலைத்தான் தேடுவார். நீ என்னைத் தேடினாய்."

(உண்மையில் நான் தேடியது பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்றை. கைக்கு அகப்பட்டது சிஞ்ஞோரா. இதை அவருக்குச் சொல்லும் சந்தர்ப்பம் இன்னும் வாய்க்கவில்லை.)

திங்கட்கிழமை கொன்ட்ராத்தோவில் கையெழுத்து வைத்தார். அடுத்த வருடம் வத்சலா வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் முதலில் பார்த்தது என் நெற்றியைத்தான். பக்கத்தில் நின்ற அத்தான், "சண்டைக் காயம், தங்கச்சி," என்றார். கதையை அவள் சிஞ்ஞோராவிடமிருந்து, என் பக்கம் கொஞ்சமும் சாயாத விதத்தில், பின்னால் அறிந்துகொண்டாள்.

ஒவ்வொரு நாளும் காவித் திரிவதற்கென்று வாங்கிய அந்த ரிவோல்வர் கணவருடைய பிஸ்டலுக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டிக்குள் போனது. அது ஒரேயொரு தடவைதான் வெடித்தது. சுட்டவனும் நான், அடி பட்டவனும் நான். 

எங்கள் வீட்டில் இப்போது கதவு அடித்துச் சாத்தினால் போதும், சோடாப் போத்தல் திறந்தால் போதும், பிள்ளைகள் "பப்பா, ஆ தெர்ரா!" என்று கத்துவார்கள். அப்பா, நிலத்திலே படு என்று அர்த்தம். ஜூலை மாதத் திருவிழா வாணவேடிக்கைக்கு என்னைக் கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போவதே அதற்காகத்தான். அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வத்சலா என் கோப்பையில் பாதிக்குத்தான் தேத்தண்ணீர் ஊற்றுவாள்.

மூத்த மகளின் பிறந்தநாள் ஒன்றுக்குச் சிஞ்ஞோராவும் வந்திருந்தார். கேக் வெட்டும் நேரத்தில் என் தலைக்கு மேலே கட்டியிருந்த பலூன் வெடித்தது. "ஆ தெர்ரா!" என்று வீடே கத்தியது. சிரிப்புச் சத்தம் காதில் விழும்போது நான் மேசைக்குக் கீழே, குப்புற, வாயைத் திறந்தபடி கிடந்தேன். வெட்கத்தோடு தலையைத் திருப்பினேன்.

மேசைக்குக் கீழேயே, மறுபக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தார் சிஞ்ஞோரா. காதுக்குள்ளிருந்த ஒரு விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிந்திப் போனாய்."