கரடிக் கூண்டுக் கண்ணாடியில் சம்பந்தியின் திருமுகம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, படவேடு ராஜாக்கண்ணு அவர்களுக்கும் சம்பந்தியம்மா நீலாவதி அவர்களுக்கும், போளூர் புளி மண்டி சிங்காரம் கைகூப்பி எழுதுவது. இங்கே என் ஒருவனைத் தவிர எல்லோரும் நலம். அங்கே தங்கள் கோபத்தைத் தவிர மற்றதெல்லாம் நலமாயிருக்க ரேணுகாம்பாளை வேண்டிக்கொள்கிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் புளி லோடு ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வரும் டிரைவர் சக்கரவர்த்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாயிருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

நடந்தது தங்களுக்குத் தெரியும். ஏன் நடந்தது என்று சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு ஊரில் எவனும் செய்யாததைச் செய்ய வேண்டும் என்று இருந்தேன். மோதிரம் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள், அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடும். அந்த நேரம் பார்த்து, மலையடிவாரத்து மிருகக்காட்சி சாலையில் புதுக் கூண்டுகள் கட்ட உபயதாரர்களைத் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்தது. போய்ப் பார்த்தால் மானுக்கும் மயிலுக்கும் எவனோ முந்திக்கொண்டான். மிச்சம் நரியும் கரடியும். சம்பந்திக்கு நரியையா கொடுப்பது? கரடி நம் ஜவ்வாது மலைக்கே சொந்தமான ஜீவன், பார்க்கவும் கம்பீரம் என்று அதையே தங்கள் பெயருக்கு எடுத்தேன்.

அங்கே இருந்த அதிகாரி அருணா மேடம் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, “ஓரமா ஒரு சின்ன பலகை வெப்போம் சார், அவ்ளோதான்”னு. கேட்டேனா? நம்ம கோயில்ல டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவன் தன் பேரை டியூப்லைட் மேலயே எழுதி, வெளிச்சமே வராம பண்ணி வெச்சிருப்பானே, அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த புத்திதானே இது? உபயம்னா பேர் கண்ணுல அறையணும். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கூண்டுக்காரர் கண்ணாயிரத்தை வெத்தலை பாக்கு கொடுத்து வளைச்சுப் போட்டு, கரடியைப் பார்க்கிறதுக்குன்னு கட்டின பெரிய கண்ணாடி மேலயே ஸ்டிக்கரை ஒட்டிட்டேன். நடுவுல மாலையும் மீசையுமா உங்க முகம், கீழே உங்க பேர், அதுக்கும் கீழே உபயம்னு போட்டு என் பேர். “இன்னாங்க இது, கரடி எங்க தெரியும்?”னு அந்த மனுஷன் கேட்டார். “கரடியை எவன்யா பார்க்கப்போறான்?”னு சொன்ன வாய் இந்த வாய்தான்.

மறுநாள் நான் மேளம் வெச்சதும் தப்பு. சத்தத்துக்குக் கரடி உள்ளே குகையில போய்ச் சுருண்டுக்கிச்சு. வந்த சனம் பூரா வெறும் கூண்டையும் தங்களையுமே பார்த்துக்கிட்டு நிக்குது. எனக்கு மானம் போவுது. மேளத்தை நிறுத்திட்டுக் கண்ணாடிக்கு மேல் விளிம்புல பலாச்சுளை வெக்கச் சொன்னதும் நான்தான். வாசனைக்கு வந்த கரடி கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கால்ல எழுந்து நின்னுச்சு பாருங்க, சரியா உங்க போட்டோவுக்குப் பின்னால! மேலே மாலை போட்ட உங்க முகம், கீழே கரடி உடம்பு. அது சும்மா நிக்கக்கூடாதா? வயித்தைச் சொறியுது. எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுதான் இருந்தாங்க சம்பந்தி. நம்ம பேத்தி தேவயானி, அந்தப் பச்சமண்ணு, கையை நீட்டி “தாத்தா!”ன்னுச்சு. அப்புறம் யாரைப் புடிச்சு நிறுத்தறது? முதல்ல சிரிச்சது யாருன்னு நான் சொல்லமாட்டேன், அவங்களும் இந்தக் கடிதத்தைப் படிப்பாங்க.

தாங்கள் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குள் எவனோ எடுத்த படம் போளூர் பூரா போன் போனாகப் போய்விட்டது. ஸ்டிக்கரைச் சுரண்டிவிடலாம் என்று மறுநாளே ஓடினேன். மாலை வந்தது, நெற்றி வந்தது, மீசை மட்டும் வரவில்லை. இப்போது கரடி எழுந்து நின்றால் மீசையோடு நிற்கிறது. முன்னைவிடக் கூட்டமாம். வெட்கத்தில் நான் மண்டியில் கல்லாவில் உட்காராமல் பின்னால் புளி மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் பெயரைவிட என் பெயர் பெரிய எழுத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஏனென்றால் அப்படிப் போடச் சொன்னதே நான்தான். தங்களைக் கௌரவிப்பது என்ற சாக்கில் என்னைக் கௌரவித்துக்கொண்டேன். இதுதான் நெஞ்சை அறுக்கிறது.

மாப்பிள்ளை சதீஸ்குமார் போன் செய்தார். வரும் ஞாயிறு பேத்தி காதுகுத்துக்குத் தாய்மாமன் ரமேஷ் வரலாமாம், அவன் அப்பா மட்டும் வாசல்படி மிதிக்கக் கூடாதாம். என் மகள் சிவசங்கரி பின்னால் அழுதது கேட்டது. “கரடி வுட்டது போதாதுன்னு சிவபூஜையில நுழையப் போறியா, கம்முனு வூட்லயே கெட”ன்னு என் வீட்டுக்காரி மங்கம்மாள் திட்டுகிறாள். ஆனால் குழந்தை காதில் ஊசி படும்போது வீலென்று கத்துமே, அப்போது தூரத்திலாவது நிற்க வேண்டும் சம்பந்தி. பந்தலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் நிற்கிறேன். இனி என் ஆயுளில் தங்கள் போட்டோவையோ என் பெயரையோ ஒரு சுவரிலும் ஏற்ற மாட்டேன். இது ரேணுகாம்பாள் மேல் ஆணை.

தாங்களும் சம்பந்தியம்மாவும் நூறு வயது கண்டு, பேத்தியின் கல்யாணத்தையும் முன்னால் நின்று நடத்த வேண்டும்.

தலை நிமிராத,
சிங்காரம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போதுதான் ரமேஷ் வந்தான். தாய்மாமன் முறைக்குக் காதுகுத்து பேனர் அடித்துப் படவேடு பஸ் ஸ்டாப்பில் நேற்றே கட்டிவிட்டானாம். தங்கள் போட்டோ கைவசம் இல்லாததால் போனில் சுற்றிவந்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்தானாம். தோள்பட்டையில் கொஞ்சம் கரடி முடியும் சேர்ந்து வந்துவிட்டதாம். என் பெயர் எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். “உன் ஆசை எனக்குத் தெரியாதாப்பா?”ன்னு சிரிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தயவுசெய்து பஸ் ஸ்டாப் பக்கம் போகாதீர்கள்.