முனியப்பனுக்கு வைத்த பொங்கல்

பல வருஷம் நான் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய் என்று எனக்கே தெரியாது என்பதுதான் என் தரப்பு வாதம். (என் மனைவி இந்த வாதத்தை ஏற்பதில்லை.)

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இண்டூரிலிருந்து தர்மபுரிக்குப் போய்ப் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் டிரில் மாஸ்டர் ஏதோ ஒரு கடற்கரை ஊருக்கு முகாம் போய்விட்டு வந்தார். அங்கே பையன்களை ஐந்தைந்து பேராகப் பாய்மரப் படகில் ஏற்றித் தனியாக அனுப்புகிறார்களாம். போகும்போது பொடியன்களாகப் போனவர்கள் வரும்போது ஆண்பிள்ளைகளாக வருகிறார்களாம். எங்கள் ஜில்லாவில் கடல் இல்லை என்பதை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நாகமரைப் பக்கம் மேட்டூர் அணையின் தண்ணீர் தேங்கி நின்றது. படகுக்குப் பதில் பரிசல். பாய்க்குப் பதில் பள்ளி நாடகத்தின் வெள்ளைப் படுதா. பரிசலின் நடுவே மூங்கிலை நட்டு அவரே கட்டினார்.

“துடுப்பு சார்?” என்றேன். நான்தான் அணித்தலைவன்.

“துடுப்பு இருந்தா காத்த நம்ப மாட்டீங்கடா,” என்று அதைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். “காலைல சோறும் கெடையாது. பசியிலதாண்டா ஒருத்தன் யாருன்னு தெரியும்.”

(தெரிந்தது. கேவலமாகத் தெரிந்தது.)

மார்கழி மாதம். விடிந்திருந்தது, ஆனால் பனியில் எதிரே இருப்பவன் முகம் தெரியவில்லை. கடற்படை போல இருக்க வேண்டுமென்று ஐந்து பேருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. வட்டமான பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. படுதாவில் காற்று பட்டதும் அது முன்னால் போவதற்குப் பதில் சுற்ற ஆரம்பித்தது. பத்துச் சுற்றில் கரை எந்தப் பக்கம் என்பது மறந்துபோனது. அப்புறம் காற்றும் நின்றுவிட்டது.

அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அணை கட்டியபோது முழுகிய ஊர்கள் எங்களுக்கு அடியில் இருந்தன. அது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் குனிந்து தண்ணீரைப் பார்க்கவில்லை.

“அடியில என்னமோ பொராண்டுதுடா,” என்றான் பஷீர். புளி வியாபாரி மகன், எங்களில் புத்தியுள்ளவன் அவன் ஒருவன்தான். பரிசலின் அடியில் நகத்தால் கீறுவதுபோல ஒரு சத்தம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிதானமாகப் போனது. பிறகு கற்பூர வாசனை வந்தது. தண்ணீருக்கு நடுவில் கற்பூரத்தை யார் கொளுத்துவார்கள்?

பரிசல் எதிலோ இடித்து நின்றது. அந்த வருஷம் மழை பொய்த்ததால் தண்ணீர் இறங்கி, மூழ்கிய கோயில் ஒன்றின் உச்சிக்கல் ஒரு சாண் வெளியே தெரிந்தது. அதன்மேல் ஒரு தலைவாழை இலை. இலையில் ஆவி பறக்கும் பொங்கல். பக்கத்தில் கற்பூரம் எரிகிறது. சுற்றிலும் ஒரு மனிதர் இல்லை.

“வேண்டாண்டா. இது யாருக்கோ வெச்சது,” என்றான் பஷீர்.

தலைவன் என்ற முறையில் முதல் கவளத்தை நான்தான் எடுத்தேன். மற்ற மூவரும் தலைவனைப் பின்பற்றினார்கள்.

இலை காலியாகும் நேரம், பனிக்குள் துடுப்பு தண்ணீரைத் தள்ளும் ஓசை கேட்டது. பத்தடி தள்ளி ஒரு பரிசல் வந்து நின்றது. தலைப்பாகை கட்டிய ஓர் ஆள். அவருக்குப் பின்னால் போர்வைக்குள் ஏதோ சுருண்டு கிடந்தது. படைத்துவிட்டுச் சாமி சாப்பிடட்டும் என்று விலகி நின்றவர் திரும்பி வந்திருக்கிறார். வெள்ளைப் படுதா, வெள்ளையாக ஐந்து உருவம், காலி இலை. பார்த்ததும் பரிசலுக்குள்ளேயே குப்புற விழுந்தார்.

“முனியப்பா! வந்துட்டியாப்பா!”

எனக்கு விக்கல் எடுத்தது.

“எம் புள்ளைய எம் மச்சான் ரெண்டாந்தாரமா கேக்கறான். அவனுக்கு நாப்பது வயசு, இதுக்குப் பதினஞ்சு. நாளைக்கு வெத்தல பாக்கு மாத்தணுங்கறான். குடுக்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லிப்புடு!”

ஒரு பெண்ணின் வாழ்க்கை எங்கள் முன்னால் கிடந்தது. நாங்கள் மூச்சுகூட விடவில்லை. அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. வெண்கலத்தைத் தட்டியதுபோல அதிர்ந்தது.

“குடுக்காதே... படிக்க வையி...”

அந்த ஆள் அலறிக்கொண்டு துடுப்புப் போட்ட வேகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. என் வெள்ளைக் கால்சட்டை அன்று அடைந்த நிலையைப் பற்றி எழுதப்போவதில்லை. பனி விலகிய பிறகு மாஸ்டர் வேறொரு பரிசலில் வந்து, “என்னடா கத்துக்கிட்டீங்க?” என்றார். பஷீர் எட்டி அவர் கையிலிருந்த துடுப்பை வாங்கிக்கொண்டான்.

பேசியது பஷீர் என்று நான் நினைத்தேன். “நீதான்டா பேசுன, தலைவன் நீதானே,” என்றான் அவன். மற்றவர்களும் என்னையே கை காட்டினார்கள். நாளாக நாளாக, பயத்தில் எனக்குத்தான் நினைவில்லை போலும் என்று நம்ப ஆரம்பித்தேன். கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னேன். பிறகு பிள்ளைகளிடம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் என் குரல் இன்னும் கொஞ்சம் கம்பீரமானது.

இருபது வருஷம் கழித்துக் குடல்வால் அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மனைவியும் மகளும் அருகில் இருக்க, பக்கத்துக் கட்டில்காரருக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊசியோடு வந்த நர்ஸ் மாதம்மாள் அப்படியே நின்றுவிட்டார்.

“பேசுனது நீங்களா? ஒங்க வாய் நெறைய எங்க வூட்டுப் பொங்கலில்ல இருந்துது!”

வார்டே திரும்பிப் பார்த்தது.

“சாமிக்கு எங்கயாச்சும் விக்குமாங்க? பசங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. காலி பொங்கக் குண்டா எம் மடியில இருந்துது. போர்வைக்குள்ள மூஞ்சிய அதுல வுட்டு நானே பேசிப்புட்டேன். எங்கப்பா கடைசி வரைக்கும் முனியப்பன்னுதான் நம்புச்சு. ஒங்கள நம்பியிருந்தா எனக்கு மறுநாளே நிச்சயமாயிருக்கும்!” என்று சொல்லி ஊசியைப் போட்டார். வலித்தது.

அன்றிலிருந்து வீட்டில் நான் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தால், “அப்பா வாயில பொங்கல்” என்பார்கள். மகள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு வரன் வந்தது. பெரிய இடம். உறவினர்கள் கூடியிருந்தார்கள், நான் வழக்கம்போல மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பொங்கல் குண்டாவை எடுத்து வந்து, மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“படிப்பு முடியட்டுங்க,” என்றேன்.

இந்த முறை என் குரல்தான். சாட்சி இருக்கிறது.