நடைமன்னரின் இதயம்

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்ட மகத்தான முன்னேற்றம், உட்கார்ந்த இடத்திலிருந்தே தினம் பன்னிரண்டாயிரம் அடி நடப்பதுதான். அந்த அரிய சாதனையைப் புரிந்தவர் ஏழு மாடி அலுவலகம் ஒன்றின் மேனேஜர். அதை மிக அருகில் இருந்து பார்க்கும் பாக்கியம் பெற்றவள், அந்த ஏழு மாடியையும் பெருக்கித் துடைக்கும் 'படிக்கட்டு அக்கா'. லிஃப்டில் வாளி ஏறக்கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. ஆகவே வாளிக்குத் துணையாக அவளும் படியேறுவாள்.

ஆறு மாதமாக நாலாவது மாடி வந்தாலே அவளுக்கு நெஞ்சு அடைத்தது. புதன்கிழமை மட்டும் வரும் கம்பெனி டாக்டரிடம் போனாள். டாக்டர் வெகு நுட்பமாகப் பரிசோதித்தார். அதாவது, சீட்டில் 'பெண், வயது நாற்பத்தாறு, ஐந்தாம் வகுப்பு, துப்புரவு வேலை' என்று இருந்ததைப் படித்தார். படித்த மாத்திரத்தில் நோய் பிடிபட்டுவிட்டது.

"வாயுதாம்மா. நேரத்துக்குச் சாப்பிடு. கண்டதை நெனச்சுக் கவலைப்படாத."

ஸ்டெதஸ்கோப்பை வீணாகத் தேயவிடவில்லை. அக்காவைப் பெற்றவளும் நாற்பத்தேழு வயதில் இதே 'வாயு'வில்தான் போய்ச் சேர்ந்தாள்.

அந்தச் சமயத்தில் நிர்வாகம் 'நலமே நம் மூலதனம்' என்ற பெருந்திட்டத்தைத் தொடங்கியது. அதிகாரிகளுக்கு ஆளுக்கொரு கைக்கடிகாரம். அது காலடியை எண்ணும், நாடியைக் கவனிக்கும், கோளாறு என்றால் தானே டாக்டருக்குத் தகவல் அனுப்பும். மூன்று மாதத்தில் அதிகம் நடப்பவருக்குக் கோப்பையும் 'நடைமன்னர்' பட்டமும் உண்டு. துப்புரவுப் பிரிவுக்குக் கடிகாரம் கிடையாது. அவர்கள் ஏற்கனவே நடந்துகொண்டுதானே இருக்கிறார்கள் என்று கமிட்டி தீர ஆலோசித்து முடிவெடுத்திருந்தது.

மேனேஜர் முதல் நாள் இருநூற்றுப் பத்து அடி நடந்தார். அதில் பாதி, மேஜைக்கடியில் செருப்பைத் தேடியது. மறுநாள் காலை கடிகாரத்தைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார். "சாயங்காலம் குடுத்துடும்மா. வெளியில சொல்லிக்க வேண்டாம்" என்றார். அவள் கட்டிக்கொண்டு, ரப்பர் கையுறையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பத்தாம் நாள் ஐந்தாவது மாடியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கடிகாரம் தன் கடமையைச் செய்தது. புதன்கிழமை டாக்டர் வெள்ளிக்கிழமையே விழுந்தடித்துக்கொண்டு வந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த மேனேஜரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து லிஃப்டில் இறக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் போன வழியை அக்கா மறுபடி துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் மேனேஜரைக் குடைந்து குடைந்து பார்த்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு பட்டப்படிப்பு முடித்த மனிதரின் கடிகாரம் பொய் சொல்லுமா? 'ஒளிந்திருக்கும் இதய நோய்' என்று தீர்மானித்து மாத்திரை எழுதினார்கள். கடிகாரம் இன்னொரு தடவை கத்தினால் போட்டியிலிருந்து நீக்கம் என்று நிர்வாகமும் எச்சரித்தது.

மேனேஜருக்கு விஷயம் விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் கோப்பை போச்சு. சொல்லாவிட்டால் அக்காவின் இதயம் ஒழுங்காகத் துடித்தாக வேண்டும். ஆகவே அவர் வரலாறு காணாத மனிதநேயத்தில் இறங்கினார். காலையும் மாலையும் மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். வாளிக்கும் அவளுக்கும் லிஃப்டில் 'விசேஷ அனுமதி' வழங்கினார். சமதரையில் மட்டும் நடந்தால் போதும் என்றார். மூச்சு வாங்கினால் உட்கார நாற்காலி போட்டார். கட்டின மனைவிக்குக்கூட அவர் நாற்காலி போட்டதாகத் தகவல் இல்லை.

இரண்டே வாரத்தில் நெஞ்சடைப்பு விட்டது. அக்கா பல மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினாள். பிழைத்துக்கொண்டோம் என்று சந்தோஷமாக இருந்தது. அம்மாவை நினைத்தபோது கோபமாகவும் இருந்தது.

மூன்று மாதம் முடிந்தது. மேனேஜர் நடைமன்னர் ஆனார். இதயம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கினார். கூட்டம் கலைந்ததும் அக்கா தயங்கித் தயங்கிப் போனாள்.

"சார், கடிகாரம் இன்னும் கொஞ்ச நாள் என் கையிலயே இருக்கட்டுமே. மாத்திரை தீர்ந்துபோச்சு."

"போட்டிதான் முடிஞ்சுபோச்சேம்மா" என்று அவர் நியாயத்தை எடுத்துச் சொல்லி, கையை நீட்டினார். வாளி மறுபடியும் படிக்கு வந்தது.

புதன்கிழமை அவள் காலி மாத்திரை அட்டையோடு டாக்டர் முன்னால் நின்றாள்.

"இது மேனேஜர் சாரோட மாத்திரையாச்சே? படிக்காதவங்க இப்படித்தான், கண்டதையும் முழுங்கி உடம்பைக் கெடுத்துக்கிறீங்க."

"டாக்டர், அந்தக் கடிகாரம் என் கையிலதான் இருந்துச்சு. துடிச்சது என் நெஞ்சு."

டாக்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பழைய சீட்டை எடுத்து, 'வாயு' என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் 'தலைக்கு ஏறியுள்ளது' என்று சேர்த்தார்.

ஆண்டறிக்கை வழவழ தாளில் அச்சாகி வந்தது. 'இவ்வாண்டு நம் நிறுவனத்தில் இதய நோயாளி ஒருவரே. அவரும் பூரண குணமடைந்தார்' என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை பொய்யில்லை. நோய் இல்லாதவர் குணமாகிவிட்டார். நோய் உள்ளவள் அந்த அறிக்கைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடியில் சுவரைப் பிடித்தபடி நிற்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தேழு.