உருளாத உருளைக்கிழங்கு

இந்த நான்கு நாள் விடுமுறைக்குள் மகளை என் பக்கம் இழுத்துவிடுவது என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்யும் துணிச்சலெல்லாம் கல்யாணத்தோடு போய்விட்டது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊர் ஊராகப் போய் லிஃப்ட் மாட்டுகிறவன். மாதத்தில் இருபத்தாறு நாள், முன்பின் தெரியாதவர்களை ஏற்றி இறக்க வழி செய்கிறேன். வீட்டில் என்னை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

மகளுக்கு நாலு வயது. அம்மாவை 'நீ' என்பாள். என்னை 'நீங்க' என்பாள். மீட்டர் பார்க்க வருபவரும் அவளுக்கு 'நீங்க'தான். இந்தத் தடவை நான் பையோடு நுழைந்ததும் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அம்மா, அப்பா வந்திருக்காங்க. உக்காரச் சொல்லவா?"

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே அம்மாவும் பெண்ணும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

"என்ன வேணும்?" என்றாள் மனைவி.

வேண்டியதை எப்படிக் கேட்பது? "தண்ணி" என்றேன்.

மறுநாள் காலை அலமாரியிலிருந்து ஒரு பலகையைக் கழற்றி, ஒரு முனையைச் சோபாமேல் வைத்துச் சரிவு செய்தேன். பொம்மைக் கார், பந்து, தீப்பெட்டி எல்லாம் தயார். மகளை உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தேன். சாய்வு, வேகம், உராய்வு. உராய்வு வருவதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். பலகை சாய்ந்தது. மகள் சாயவில்லை.

"பாடம் எடுத்தா எந்தக் குழந்தை உக்காரும்?" என்றாள் மனைவி.

"நீ வீட்டுல இருக்கே. அதான் உங்கிட்டயே ஓடறா. ஒரு மணி நேரம் வெளியே போயிட்டு வா. நான் தனியா சமாளிச்சுக் காட்டறேன்."

"முடியுமா உங்களால?"

"நாப்பது மாடிக்கு லிஃப்ட் மாட்டினவன் நான்!"

"லிஃப்ட் 'அம்மா எங்கே'ன்னு கேக்காதுங்க."

ஆனாலும் போனாள், மூன்றாவது வீட்டுத் தையல்கார அக்காவிடம். இவ்வளவு சுலபமாக அவள் என் பேச்சைக் கேட்டது அதுவே முதல் தடவை. மகள் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

சோபாவின் இந்த முனையில் நான். அந்த முனையில் அவள். டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தோம். இந்த அமைதி எனக்குப் பழக்கம்தான். வெளியூர் அறையில் தினமும் இதே அமைதி. ஆனால் அங்கே பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

கை சும்மா இராமல் பக்கத்திலிருந்த காய்கறிக் கூடையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துப் பலகைமேல் விட்டேன். அது நொண்டி நொண்டிப் போய், பாதி வழியில் பக்கவாட்டில் விழுந்தது.

"ஏன் அப்படிப் போகுது?"

நாலு விளக்கம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "தெரியலையே."

"பேரு உருளைக்கிழங்குதானே? உருள மாட்டேங்குதே?"

"பேரு மட்டும் வெச்சுட்டாங்க போல" என்றேன். அப்பா என்ற பேரோடு நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் இறங்கி வந்தாள். டப்பா மூடியை நிற்க வைத்து விட்டாள், ஓடியது. படுக்க வைத்தாள், அசையவில்லை. சோபாமேல் தலையணை போட்டுப் பலகையை உயர்த்தினோம். படுத்த மூடியும் வழுக்கிக்கொண்டு வந்தது. துண்டை விரித்தோம், கார் தயங்கித் தயங்கி இறங்கியது. பந்து மட்டும் ஒவ்வொரு தடவையும் எதிர் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"அப்பா, நீ சுவர்! இங்கே படு. அசையாதே!"

நீ!

படுத்தேன். பந்து விலாவில் இடித்தது. கார் மூக்கில் ஏறியது. நான் அசையவில்லை. அசைந்தால் மறுபடி 'நீங்க' ஆகிவிடுவேனோ என்று பயம்.

கதவு திறந்தது. மனைவி.

"பார்த்தியா? ஒரு மணி நேரம்! ஒரு தடவைகூட அம்மான்னு கூப்பிடலை. குழந்தையைப் பார்த்துக்கறது என்ன பெரிய வித்தையா?" என்று தரையில் கிடந்தபடியே முழங்கினேன்.

மகள் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து, ரகசியம் என்று நினைத்துச் சத்தமாகச் சொன்னாள்:

"நீ சொன்ன மாதிரியே அப்பாவைப் பார்த்துக்கிட்டேம்மா. அழவே இல்லை. சமர்த்தா இருந்துச்சு."